மாவுக்கட்டா, புத்தூர் கட்டா? எங்கள் வீட்டில் நடந்ததும் தெரிந்துகொண்டதும்

வடசென்னையில் ஒருவருக்குக் கை உடைந்தால், ஆட்டோ வந்து நிற்பதற்குள் தெருவில் பாதிப் பேர் இலை மருந்து பூசி மூங்கில் தப்பை வைக்கிற புத்தூர் கட்டு போடச் சொல்வார்கள், மீதிப் பேர் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் மாவுக்கட்டு போடச் சொல்வார்கள். இரண்டு பக்கத்துக்கும் சாட்சி உண்டு. "எங்க மாமாவுக்கு இலைக்கட்டுலயே கூடிடுச்சு, இன்னைக்கும் மூட்டை தூக்கறாரு" என்பார் ஒருவர். "எங்க பெரியப்பாவுக்குக் கை கோணிக்கிட்டுப் போச்சு, சட்டை பட்டன் போட முடியல" என்பார் இன்னொருவர். இரண்டுமே உண்மையாகத்தான் இருக்கும். நான் கொருக்குப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள், ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. இந்த வாக்குவாதத்தைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டிலேயே அக்கா மகனுக்கு முழங்கையும் அடுத்த வருடம் அம்மாவுக்கு மணிக்கட்டும் உடைந்தபோதுதான் விஷயம் முழுதாகப் புரிந்தது. எந்த எலும்பு, எப்படி உடைந்திருக்கிறது, கட்டுக்குள் ரத்தம் ஓடுகிறதா: இந்த மூன்றும் தெரியாமல் போடுகிற எந்தக் கட்டும் ஆபத்துதான், இலையாக இருந்தாலும் மாவாக இருந்தாலும்.

முதலில் பையனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அக்கா வீடு எழில் நகர் பக்கம், ரயில்வே கேட்டைத் தாண்டி. பையனுக்கு அப்போது ஏழு வயது. காத்தாடியைப் பிடிக்கக் காம்பவுண்டு சுவரில் ஏறியவன் கையை ஊன்றி விழுந்துவிட்டான். முழங்கை ஒரு பக்கமாகத் திரும்பி வீங்கிப்போனது. அக்காவின் மாமியாருக்குப் பேரன் என்றால் உயிர். ஆஸ்பத்திரிக்குப் போனால் கத்தி வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில், 'புத்தூர் கட்டு' என்று போர்டு வைத்திருந்த ஒரு இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே எக்ஸ்ரே கேட்கவில்லை. கையை இழுத்து, இலை அரைத்த பச்சை மருந்தை முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துப் பூசி, மூங்கில் தப்பை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டி, மூன்று நாள் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அன்று ராத்திரி அக்கா போன் செய்தபோது பின்னால் பையன் அழுகிற சத்தம்தான் கேட்டது. வலிக்கு சிரப் கொடுத்தும் அடங்கவில்லை. கட்டுப் போட்டவரைக் கேட்டால் "மொத நாள் வலி இருக்கத்தான் செய்யும், அவுக்காதீங்க" என்றாராம். நான் போய்ப் பார்த்தேன். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் பளபளவென்று வீங்கியிருந்தன. நகங்கள் வெளிறியிருந்தன. அந்தக் கை விரல் சில்லென்று இருந்தது, இன்னொரு கை வெதுவெதுப்பாக இருந்தது. மடங்கியிருந்த நடுவிரலை மெல்ல நிமிர்த்தினேன், அலறிவிட்டான்.

எங்கள் தெருவில் கட்டுக் கட்டுகிற தாத்தா ஒருவர் இருந்தார். பரம்பரையாகச் செய்கிறவர், சுளுக்கு, பிசகு, விரல் முறிவுக்கெல்லாம் எங்கள் பக்கத்தில் எல்லோரும் அவரிடம்தான் போவோம். அவருக்கு போன் போட்டு விரல் எப்படி இருக்கிறது என்று சொன்னேன். முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "யம்மா, மொதல்ல கட்டை வெட்டு. தப்பையை எடுத்துட்டு ஸ்டான்லிக்கு ஓடு. நான் வந்து பாக்கறதுக்குள்ள கை போயிடும்" என்றார். அக்கா துணி வெட்டுகிற கத்தரியால் கட்டை நீளவாக்கில் வெட்டினாள். வெட்டிய கொஞ்ச நேரத்தில் பையனின் அழுகை விம்மலாகக் குறைந்தது. கையைத் தலையணையில் வைத்து ஆட்டோவில் ஏறினோம். கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் போய் முடிகிற வரை அக்கா அவன் விரல்களைத் தேய்க்கப் போனாள். தேய்க்காதே, சும்மா பிடித்துக்கொள் என்று தடுத்தேன்.

ஸ்டான்லியை எங்கள் ஆயா காலத்து ஆட்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். பஞ்ச காலத்தில் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றிய இடத்திலிருந்து வளர்ந்த மருத்துவமனை அது. கை அறுவை சிகிச்சைக்கென்றே 1971இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி தொடங்கிய பிரிவு அங்கே இருக்கிறது. மெஷினில் விரல் போன தொழிலாளிகள் பல ஊர்களிலிருந்து அங்கே வருகிறார்கள். நாம் பஸ்ஸில் போகும் தூரத்தில் வைத்துக்கொண்டு அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை.

இரவு ட்யூட்டியில் இருந்த டாக்டர் எக்ஸ்ரேவுக்கு அனுப்பும் முன் கையைப் பார்த்த விதம் எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது. விரல் நுனியை அழுத்தி விட்டார், வெளுத்த நகம் மறுபடி சிவக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார். மணிக்கட்டில் நாடி தேடினார், சரியாகக் கிடைக்கவில்லை. அப்புறம் பையனிடம் விளையாட்டு மாதிரி கேட்டார்: "கட்டை விரலைத் தூக்கிக் காட்டு. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் போடு. இப்ப விரலை எல்லாம் விசிறி மாதிரி விரி." ஒவ்வொன்றும் ஒவ்வொரு நரம்புக்கான சோதனை என்று பிறகு சொன்னார். வட்டம் மட்டும் அவனால் சரியாகப் போட முடியவில்லை.

முழங்கைக்குச் சற்று மேலே, மேற்கை எலும்பின் அடிப்பகுதி உடைந்து பின்பக்கமாக நகர்ந்திருந்தது. ஐந்திலிருந்து ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு அதிகம் வருகிற முறிவாம் இது. அந்த எலும்புக்கு நேர் முன்னால்தான் கைக்குப் போகிற பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. உடைந்த முனை அதில் குத்தலாம், நரம்பை அழுத்தலாம். இதில் தெரியாமல் கையை இழுத்து மேலே இறுக்கமாகவும் கட்டினால் ஆபத்து இரண்டு மடங்கு. நம் முன்கைத் தசைகள் விரிந்து கொடுக்காத உறைக்குள் இருக்கின்றன. இறுக்கிக் கட்டிய மூட்டைக்குள் அரிசி ஊறினால் எப்படி இருக்கும்? அதேபோல் உள்ளே வீக்கம் ஏற ஏற அழுத்தம் கூடி, ரத்தம் உள்ளே போக முடியாமல் ஆகிறது. ஆறு மணி நேரம் போல இப்படியே இருந்தால் தசை செத்துவிடும், பிறகு என்ன செய்தாலும் திரும்பாது. விரல்கள் கொக்கி போல மடங்கி அப்படியே நின்றுவிடும். ஜெர்மன் மருத்துவர் வோல்க்மன் 1881இலேயே இதை விவரித்து, இறுக்கமான கட்டுதான் காரணம் என்று எழுதிவிட்டார். அவர் பார்த்தது மேல்நாட்டு மருத்துவர்கள் போட்ட கட்டுகளை. அதாவது மாவுக்கட்டாலும் இது வரும்.

அன்றிரவே மயக்கம் கொடுத்து எலும்பை நேராக்கி, தோல் வழியாக மெல்லிய கம்பிகள் வைத்து நிறுத்தினார்கள். நாடி திரும்ப வந்தது. முழுக்கட்டு போடவில்லை, ஒரு பக்கம் மட்டும் மாவு ஸ்லாப் வைத்துப் பேண்டேஜ் சுற்றினார்கள். கம்பியை மூன்று நான்கு வாரத்தில் வெளிநோயாளி பிரிவிலேயே உருவி எடுத்துவிட்டார்கள். வட்டம் போடும் விரல் திரும்ப வர மட்டும் சில மாதம் பிடித்தது. இப்போது அந்தக் கையால்தான் எழுதுகிறான், பந்து போடுகிறான்.

இதிலிருந்து நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்று. கட்டுப் போட்ட முதல் இரண்டு நாள் நோயாளியின் விரல்களை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். கட்டுப் போட்டதும் வலி குறைய வேண்டும். மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனால், விரலை நாம் நிமிர்த்தும்போது உயிர் போகிற மாதிரி வலித்தால், மரத்துப்போனால், ஊசி குத்துவது போல இருந்தால், நகம் வெளுத்தோ நீலமாகவோ இருந்தால், காலை வரை காத்திருக்கக் கூடாது. துணிக்கட்டு என்றால் வீட்டிலேயே வெட்டலாம். மாவுக்கட்டு என்றால் எந்த நேரமானாலும் போட்ட இடத்துக்கோ பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கோ போய்ப் பிளக்கச் சொல்ல வேண்டும். நாடி தெரிகிறதே என்று நிம்மதி அடையவும் கூடாது. இந்த அழுத்தத்தில் பலருக்கும் நாடி கடைசி வரை இருக்குமாம், வலிதான் முதல் எச்சரிக்கை. குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. ஓயாமல் அழுதால் அதுதான் அவன் சொல்கிற விதம்.

சரி, அப்படியானால் புத்தூர் கட்டு ஏமாற்று வேலையா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். திருப்பதி போகும் வழியில் நகரியைத் தாண்டி வருகிற புத்தூரில், பக்கத்து ராச்சபாளையம் கிராமத்தில், ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்த வைத்தியத்தைச் செய்துவருகிறது. எங்கள் பக்கத்து ஹார்பர் தொழிலாளிகள், காசிமேட்டு மீனவர்கள், வியாசர்பாடியில் பந்தாடுகிற பையன்கள் எத்தனையோ பேர் அங்கே போய் நன்றாகி வந்திருக்கிறார்கள். ஆனால் சென்னையில் சந்துக்குச் சந்து இருக்கிற 'புத்தூர் கட்டு' போர்டுகளுக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை. போர்டு எழுத பெயிண்ட் போதும்.

நாட்டுக்கட்டில் ஏன் பலருக்குச் சரியாகிறது என்பதைத் தாத்தாவே எனக்கு விளக்கினார், அம்மாவின் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு. எலும்பை இலையும் ஒட்டுவதில்லை, மாவும் ஒட்டுவதில்லை. உடைந்த இடத்தில் முதலில் ரத்தம் உறைகிறது. இரண்டு மூன்று வாரத்தில் அங்கே மெத்தென்ற ஒரு முடிச்சு வளர்கிறது. அது மெல்ல இறுகி எலும்பாகிறது. பிறகு மாதக்கணக்கில் உடம்பு அதைச் செதுக்கி ஒழுங்கு செய்கிறது. வைத்தியர் வேலை எலும்பை நேர்க்கோட்டில் வைத்து அசையாமல் பார்த்துக்கொள்வதுதான். விரிசல் மட்டும் விட்டு நகராமல் இருக்கிற எலும்பு, மூங்கில் தப்பையிலும் கூடும், மாவுக்கட்டிலும் கூடும். சிறு பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கோணலாகக் கூடினாலும் வளர வளர நிமிர்ந்துவிடும் இடங்கள் உண்டு. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருக்கிற காறை எலும்பு முறிவு பெரும்பாலும் கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடுகிற தூளிக்கட்டிலேயே சேர்ந்துவிடும். தெருவில் சாட்சி சொல்கிறவர்களில் பலர் இப்படிப்பட்ட முறிவுக்காரர்கள். மூட்டுக்குள் போகிற முறிவு, எலும்பு நகர்ந்த முறிவு, தோலைக் கிழித்துக்கொண்டு வந்த முறிவு, இடுப்பு, முதுகு, தொடை: இவற்றைத் தாத்தா தொடவே மாட்டார். எக்ஸ்ரே இல்லாமல் எதையும் தொட மாட்டார். "எங்கப்பா காலத்துல எக்ஸ்ரே கெடையாது, கையால தடவிப் பாத்தாரு. இப்ப இருக்கும்போது பாக்காம கட்டினா அது வைத்தியம் இல்ல" என்பார். எக்ஸ்ரேயை 1895இல் ராண்ட்ஜன் கண்டுபிடித்தார். அதற்குமுன் உலகம் முழுக்கக் கையால் தடவித்தான் பார்த்தார்கள்.

பழைய நூல்களில் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையில் முறிவுகளுக்கென்று தனி அத்தியாயங்கள் உண்டு. மூட்டு விலகல் ஆறு வகை, எலும்பு முறிவு பன்னிரண்டு வகை என்று பிரித்திருக்கிறார்கள். இழுத்தல், அழுத்துதல், முனைகளைச் சேர்த்தல், கட்டுதல் என்று சிகிச்சை வரிசை போகிறது. இன்றைய எலும்பு டாக்டர் அறுவை இல்லாமல் செய்வதும் இதே வரிசைதான். தப்பைக்கு இலுப்பை, அத்தி, அரசு, ஆல், புரசு, மருது, மூங்கில் ஆகியவற்றைச் சொல்கிறார்கள். எல்லாமே நம் ஊர் மரங்கள். என்னை நிறுத்திப் படிக்க வைத்தது கட்டின் இறுக்கம் பற்றிய வரிகள். தளர்வாகக் கட்டினால் மூட்டு நிலைக்காது, மிக இறுக்கினால் வீக்கமும் வலியும் சீழும் வரும், ஆகவே நடுத்தரமாகக் கட்டு என்கிறது அந்த நூல். குளிர்காலத்தில் ஏழு நாளுக்கு ஒருமுறை, வெயில் காலத்தில் மூன்று நாளுக்கு ஒருமுறை அவிழ்த்துப் பார்த்துக் கட்டவும் சொல்கிறது. எலும்பு சேர இளவயதில் ஒரு மாதம், நடுவயதில் இரண்டு, முதுமையில் மூன்று என்று கணக்கும் தருகிறது. இன்றைய கணக்கிலிருந்து அது அதிகம் விலகவில்லை. பையன் கையில் இறுக்கிக் கட்டிவிட்டு, வலித்தாலும் அவிழ்க்காதே என்று சொன்னவர், தான் பேர் சொல்லிப் பிழைக்கிற பாரம்பரியத்தின் விதியையே மீறியிருக்கிறார். எனக்கு அதில்தான் கோபம்.

அடுத்த வருடம் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். வயது 67. மணிக்கட்டு மேல்பக்கமாகப் புடைத்து வளைந்திருந்தது. இந்த முறை எங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. முதலில் வளையலையும் மோதிரத்தையும் கழற்றினோம். வீக்கம் ஏறிய பிறகு மோதிரம் வராது, வெட்ட வேண்டியிருக்கும், அதற்குள் விரல் கறுத்துவிடும். செய்தித்தாளைத் தடிமனாக மடித்து முன்கைக்கு அடியில் வைத்துத் துணியால் லேசாகச் சுற்றி, துப்பட்டாவைத் தூளியாகக் கட்டினோம். ஐஸைத் துணியில் சுற்றி வைத்தோம். எண்ணெய் தடவவில்லை, உருவவில்லை, இழுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா பாசத்தில் டீயும் பன்னும் கொண்டுவந்தார், வேண்டாம் என்றுவிட்டோம். மயக்கம் கொடுக்க வேண்டி வந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும். சாப்பிட்டிருந்தால் ஆறு மணி நேரம் வரை தள்ளிப்போடுவார்கள்.

அன்று பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குத்தான் முதலில் போனோம். எக்ஸ்ரே எடுத்த கையோடு அறுவை செய்து எலும்பில் பிளேட் வைக்க வேண்டும், நாளைக்கே அட்மிட் ஆகுங்கள் என்று ஒரு தொகையும் எழுதிக் கொடுத்தார்கள். ஏன் பிளேட், கட்டுப் போட்டால் எலும்பு சேராதா என்று கேட்டால் பதில் இல்லை. எக்ஸ்ரேயை வாங்கிக்கொண்டு ஸ்டான்லிக்குப் போனோம். மூட்டுக்குள் முறிவு போகவில்லை, இழுத்து வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். முறிவு இடத்திலேயே மரத்துப்போகிற ஊசி போட்டு, ஒருவர் முழங்கையைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் கையை இழுத்து நேராக்கி ஸ்லாப் போட்டார்கள். மறுபடி எக்ஸ்ரே. ஒரு வாரம் கழித்து வீக்கம் வடிந்ததும் இன்னொரு எக்ஸ்ரே எடுத்து முழுக்கட்டு. அந்த ஒரு வார எக்ஸ்ரேயைத் தவறவிடக் கூடாது. வீக்கம் வடிந்து கட்டு தளரும்போதுதான் எலும்பு நழுவும், முதல் இரண்டு வாரத்தில் தெரிந்தால் மறுபடி நேராக்கலாம். மொத்தம் ஆறு வாரம் போல. அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு இந்த முறிவில் பிளேட் வைத்தாலும் கட்டுப் போட்டாலும் ஒரு வருடம் கழித்துக் கை வேலை செய்வதில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை என்று டாக்டர் சொன்னார். அதே முறிவு முப்பது வயதுக்காரருக்கு மூட்டுக்குள் போயிருந்தால் அவரே பிளேட் வைக்கச் சொல்லியிருப்பாராம். அறுவை வேண்டும் என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: எலும்பு நகர்ந்திருக்கிறதா, மூட்டுக்குள் போயிருக்கிறதா, கட்டிலேயே விட்டால் என்ன ஆகும். நல்ல டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டிப் பதில் சொல்வார்.

கட்டு இருக்கும் நாட்களில் எங்கள் வீட்டில் பெரிய வேலை அம்மாவை விரலை ஆட்ட வைப்பதுதான். மாவுக்கட்டு போட்டால் கை சூம்பிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அசைக்காமல் வைத்தால் எந்தக் கட்டிலும் சூம்பும். விரல்களை முழுதாக மடக்கி விரிப்பது, முழங்கையை நீட்டுவது, தோளை மேலே தூக்குவது என்று மணிக்கொரு தடவை செய்யச் சொன்னார்கள். மணிக்கட்டு முறிவுக்குக் கட்டுப் போட்டவர்கள் பலருக்குத் தோள் இறுகிப்போவது இதைச் செய்யாததால்தான். கட்டுக்குள் அரித்தால் ஸ்கேலை விட்டுச் சொறியக் கூடாது. உள்ளே புண்ணாகி, வாடை வந்த பிறகுதான் தெரியும்.

சாப்பாட்டில் நாட்டு வைத்தியமும் டாக்டரும் ஒத்துப்போனார்கள். சுசுருதர் முறிவுக்காரருக்குப் பால், நெய், மாமிச ரசம் சொல்கிறார், உப்பும் புளிப்பும் காரமும் வறண்ட உணவும் வேண்டாம் என்கிறார். டாக்டர் புரதம், கால்சியம், வைட்டமின் டி என்றார். ஆட்டுக்கால் சூப் கொடுத்தால் எலும்பு கூடும் என்று எல்லோரும் நம்புகிறோம். உண்மையில் கொதிக்கிற தண்ணீரில் எலும்பின் கால்சியம் இறங்குவது கொஞ்சம்தான். வாய்க்கு நன்றாக இருக்கும், சூடாக உள்ளே போகும், அந்த அளவுக்குக் கொடுக்கலாம். முள்ளோடு மென்று சாப்பிடுகிற நெத்திலியும், கேழ்வரகுக் கூழும்தான் கால்சியத்துக்கு. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. காசிமேட்டில் நெத்திலி வாங்கி, அம்மாவுக்காக உப்பு குறைத்துக் குழம்பு வைத்தோம்.

பிரண்டை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஆயுர்வேதத்தில் அதன் பெயரே எலும்புச் சங்கிலி என்று பொருள்படும் அஸ்தி சிருங்கலா. எலும்பு கூடுவதை அது துரிதப்படுத்துவதாக விலங்குகளிடமும் சிறிய அளவில் மனிதர்களிடமும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கோணிய எலும்பை அது நிமிர்த்தாது. நேராக வைத்துக் கட்டிய பிறகு துவையலாகச் சாப்பிடுவதில் நஷ்டமில்லை. இளம் பிரண்டையை எடுத்து, கணுவையும் ஓரத்து நாரையும் சீவி, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, நிறம் மாறுகிற வரை எண்ணெயில் வதக்கிப் புளி வைத்து அரைக்க வேண்டும். வதக்கல் போதாவிட்டால் தொண்டை அரித்து எடுத்துவிடும். கடையில் லேபிள் இல்லாமல் உருண்டையாகத் தருகிற மாத்திரைகளை மட்டும் அம்மாவுக்குக் கொடுக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கொடுக்க முடியாது. முறையான சித்த, ஆயுர்வேத மருந்து வேண்டுமென்றால் பட்டம் படித்தவரிடம் போக வேண்டும். அரும்பாக்கத்தில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் இருக்கின்றன, எங்கள் பக்கத்திலிருந்து ஒன்றும் தூரமில்லை.

எண்ணெய்க்கு இடம் கட்டுப் பிரித்த பிறகு. அம்மாவின் கையில் தோல் செதில் செதிலாக உரிந்து மணிக்கட்டு பலகை மாதிரி இருந்தது. பிசியோதெரபிஸ்ட் அனுமதித்த பிறகு முறிவெண்ணெய் வாங்கினோம். புங்கன், முருங்கை, வெற்றிலை, கற்றாழை, வெங்காயம் எல்லாம் சேர்த்துத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சுகிற கேரளத்து மருந்து. வெதுவெதுப்பாகத் தடவி, அழுத்தாமல் விட்டு, வெந்நீரில் கையை வைத்து மடக்கி நீட்டச் சொல்வோம். வலி தணிந்து பயிற்சி சுலபமானது, அம்மாவுக்கும் தெம்பு வந்தது. இந்த இடத்தில் இரண்டு வைத்தியமும் ஒன்றாகக் கைகோத்துப் போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் முழங்கைக்கு இது பொருந்தாது. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். முழங்கையில் அடிபட்டவருக்கு, முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, கட்டுப் பிரித்த பிறகு எண்ணெய் போட்டு உருவி நீட்டிவிடவே கூடாது. அப்படி உருவினால் தசைக்குள் எலும்பு முளைத்து மூட்டு நிரந்தரமாக இறுகிப்போகலாம். நம் ஊரில் எலும்பு டாக்டர்கள் இதை அடிக்கடி பார்க்கிறார்கள். அக்கா மகனுக்குக் கம்பி எடுத்தபோது கை பாதிதான் நீண்டது. அவன் பாட்டி உருவிவிட எண்ணெய் காய்ச்சிவிட்டார். "பாட்டி, அவனே விளையாடி நீட்டிக்குவான், யாரும் கை வெக்காதீங்க" என்று டாக்டர் அவரிடமே பக்குவமாகச் சொன்னார். பாட்டியும் கேட்டுக்கொண்டார். வாளியில் தண்ணீர் மொள்ள விட்டோம், கேரம் ஆட விட்டோம், சில மாதத்தில் கை முழுதாக நீண்டது.

தோல் கிழிந்து எலும்பு தெரிந்தால் மஞ்சள், இலை, எண்ணெய் எதையும் வைக்காமல் சுத்தமான துணியால் மூடி 108க்கு அழையுங்கள். ஆன்டிபயாடிக் ஊசி எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு நல்லது. சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கிற 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது, அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். வயதானவர் விழுந்து கால் ஒரு பக்கமாகத் திரும்பிக் குட்டையாகத் தெரிந்தால் இடுப்பு முறிவு. அதற்கு எந்தக் கட்டும் இல்லை. எங்கள் தெரு ஆயா ஒருவரைப் படுக்கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். படுக்கைப்புண்ணும் சளியும் சேர்ந்து அவரைக் கொண்டுபோய்விட்டன. இரண்டு நாளுக்குள் அறுவை செய்தால் மறுநாளே எழுப்பி நிற்க வைக்கிறார்கள்.

பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு எலும்பு தாமதமாகத்தான் கூடும். 

அம்மாவுக்குக் கை சரியானதும் டாக்டர் விட்டுவிடவில்லை. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு உடைந்தால் எலும்பு தேய்ந்திருக்கலாம், அடுத்தது இடுப்பாக இருக்கலாம் என்று சொல்லி எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். தேய்மானம் இருந்தது. வாரம் ஒரு மாத்திரை எழுதினார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். கால்சியம் மாத்திரையை அதோடு சேர்த்துப் போடக் கூடாது. பழைய எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சீட்டு, காப்பீட்டு அட்டை எல்லாம் ஒரே பையில் அலமாரியில் இருக்கின்றன. பாத்ரூம் சுவரில் இரும்புக் கைப்பிடி பதித்தாயிற்று, ராத்திரி லைட்டும் போட்டாயிற்று.